சொர்க்கத்துக்கு வடிகால் தேவையில்லை

காஷ்மீரைப் பற்றித் தமிழில் வெளிவரும் பயணக் கட்டுரைகளை அடுத்தடுத்துப் பொறுமையோடு வாசிப்பவர்களுக்கு ஓர் உண்மை விளங்கும். அவை பல கட்டுரைகள் அல்ல, வெவ்வேறு பெயர்களில் எழுதப்பட்ட ஒரே கட்டுரை. விமானம் தாழ இறங்கும், பனிச் சிகரங்கள் தெரியும். தால் ஏரியில் ஷிகாரா மிதக்கும். படகோட்டியின் முகத்தில் எழுத்தாளர் ஒரு சோகத்தைக் கண்டுபிடிப்பார். குங்குமப்பூ, சினார் இலை, துப்பாக்கி ஏந்திய சிப்பாய் என்று வரிசையாக வந்தபின், சொர்க்கம் பூமியில் இருக்குமானால் அது இதுவே என்று பொருள்படும் பாரசீக ஈரடி தவறாமல் வந்து சேரும். அதை அமீர் குஸ்ரோவின் பெயரில் போடுவதா, ஜஹாங்கீரின் பெயரில் போடுவதா என்பதில் மட்டும் கட்டுரைக்குக் கட்டுரை வேறுபாடு உண்டு.

இந்தக் கட்டுரைகளின் தித்திப்பைப் பற்றி நமக்குப் புகார் இல்லை. அழகான இடத்தை அழகு என்று சொல்வதில் பிழையும் இல்லை. நமது எதிர்ப்பு வேறொன்றின்மீது. இவற்றில் ஸ்ரீநகர் என்ற நகரம் இல்லை. 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 12 லட்சம் பேர் வாழும், ஆயிரத்து நானூறு ஆண்டுகளாகப் பெரும்பாலும் ஒரே இடத்தில் நிற்கும் ஒரு தலைநகரம் நம் எழுத்தில் ஓர் ஏரிக்கரை விடுதியாகச் சுருங்கிவிட்டது. 2025 ஜூனில் ஸ்ரீநகருக்கு ரயிலும் போய்ச் சேர்ந்துவிட்டதால் இனி இவ்வகைக் கட்டுரைகள் பெருகவே செய்யும். ஆகவே, சொல்ல வேண்டியதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

ஸ்ரீநகர் ஏரி நகரம் அல்ல, ஆற்று நகரம். இது சுற்றுலாக் கையேட்டில் திருத்த வேண்டிய ஒரு சொல் மட்டுமன்று. 2014 செப்டம்பரில் அந்த நகரத்தின் பாதி நீரில் மூழ்கியதற்கும் இந்தப் பிழைக்கும் தொடர்பு உண்டு என்பதே நமது வாதம்.

*

முதலில் நிலவியல். மலை நகரம் என்றதும் தமிழ் வாசகரின் மனத்தில் எழுவது ஊட்டியோ கொடைக்கானலோதான்: சரிவுகளில் அடுக்கடுக்காகத் தொற்றி நிற்கும் வீடுகள், மழை பெய்தால் கீழே வழிந்தோடிவிடும் நீர். ஸ்ரீநகர் கடல்மட்டத்துக்குச் சுமார் 1,585 மீட்டர் உயரத்தில் இருந்தாலும் அது சரிவில் இல்லை. ஒரு பெரிய பாத்திரத்தின் அடித்தட்டில் இருக்கிறது. பள்ளத்தாக்கு ஏறத்தாழ 135 கிலோமீட்டர் நீளமானது. ஒருபுறம் பீர் பாஞ்சால் மலைத்தொடர், மறுபுறம் பெரும் இமயத்தின் கிளைகள். இரண்டிலிருந்தும் இறங்கும் ஓடைகள் அனைத்தும் ஒரே ஆற்றில் வந்து விழுகின்றன. அந்த ஆற்றுக்கு வெளியேற ஒரே வாசல்தான்: வடமேற்கே பாராமுல்லாவின் இடுக்கு.

வெரிநாக் ஊற்றில் பிறக்கும் இந்த ஆற்றை நாம் ஜீலம் என்கிறோம். காஷ்மீரிகள் வியத் என்கிறார்கள். வடமொழியில் அது விதஸ்தா. கிரேக்கர்கள் ஹைடாஸ்பஸ் என்று எழுதி வைத்தார்கள். மலையில் பிறந்தாலும் பள்ளத்தாக்கில் அதன் இயல்பு சமவெளி ஆற்றின் இயல்புதான். சரிவு மிகக் குறைவு, ஆகவே நடை மெதுவானது. கானபலிலிருந்து பாராமுல்லா வரை சுமார் 160 கிலோமீட்டருக்குப் படகுகள் செல்ல முடிந்தது இதனால்தான். ஆனால் மெதுவாகச் செல்லும் ஆறு பெருமழை நாளில் வேகமாக வடியாது, கரை வழிந்து பக்கவாட்டில் பரவும். அப்படிப் பரவுவதற்கென்று இயற்கை இடம் ஒதுக்கியிருந்தது. ஆற்றின் இருபுறமும் கிடந்த சதுப்புகளைக் காஷ்மீரியில் நம்பல் என்பார்கள். கீழே வூலர் ஏரி வெள்ளத்தை வாங்கி வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். ஆறு, நம்பல், ஏரி, இடுக்கு ஆகிய நான்கும் சேர்ந்த ஒரே பொறி இது. ஒன்றை அடைத்தால் மற்ற மூன்றும் பேசத் தொடங்கும்.

பள்ளத்தாக்கு முழுவதுமே ஒரு காலத்தில் ஏரியாக இருந்தது என்பதைக் கரேவா எனப்படும் மேட்டு நிலங்களின் வண்டல் அடுக்குகள் சொல்கின்றன. நீலமத புராணம் அதையே தன் மொழியில் சொல்கிறது. சதீசரஸ் என்ற ஏரி, அதில் ஒளிந்திருந்த ஜலோத்பவன் என்னும் அரக்கன், கலப்பையால் மலையைப் பிளந்து நீரை வெளியேற்றிய தெய்வம். இந்தக் கதையைப் பரவசத்தோடு மேற்கோள் காட்டும் எழுத்தாளர்கள் அதன் எளிய பொருளைக் கவனிப்பதில்லை. நீரிலிருந்து பிறந்தவன் என்று பெயருள்ள அரக்கன் வாழும் நிலம் இது. மனிதர் இங்கே குடியேறியதே நீருக்கு ஒரு வழி திறந்துவிடப்பட்ட பிறகுதான். புதிய கற்கால மக்கள் இதைப் புராணம் இல்லாமலே அறிந்திருந்தனர். ஸ்ரீநகருக்கு அருகே புர்ஸஹோமில் அவர்கள் குழி வீடுகள் தோண்டி வாழ்ந்தது ஆற்றங்கரையில் அல்ல, கரேவா மேட்டில்.

*

நகரத்தின் பிறப்பைப் பற்றிக் கல்ஹணர் சொல்லும் கதை இன்னும் துலக்கமானது. 12ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுதப்பட்ட ராஜதரங்கிணியின்படி, அசோகன் நிறுவிய ஸ்ரீநகரி வேறு. இன்றைய நகரின் இடத்தில் பிரவரபுரத்தை எழுப்பியவன் இரண்டாம் பிரவரசேனன். நல்ல இடம் தேடி இரவில் அலைந்த அரசன்முன் ஓடைக்கு அக்கரையில் ஒரு வேதாளம் தோன்றி, தன் காலை நீரின் குறுக்கே நீட்டியதாம். அரசன் கத்தியால் அதில் படி வெட்டி நடந்து கடந்தானாம். ராஜதரங்கிணியைப் பதிப்பித்து 1900இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ஆரல் ஸ்டைன், அந்த வேதாளத்தின் கால் எது என்று நிலத்தில் தேடிக் கண்டார். தால் ஏரியின் நீர் நகருக்குள் புகாமல் தடுத்து நிற்கும் பழைய கரைதான் அது. ஆக, இந்த நகரத்தின் தோற்றக் கதையே ஓர் அணையின் கதை. பிரவரசேனனின் நகரம் தொடக்கத்தில் ஆற்றின் வலக்கரையோடு நின்றிருந்தது என்பதையும் கல்ஹணர் குறித்து வைத்திருக்கிறார். அந்தக் குறிப்பு 2014இல் எவ்வளவு பொருள் உடையதாயிற்று என்பதைப் பின்னர் பார்ப்போம்.

அடுத்து சுய்யன். 9ஆம் நூற்றாண்டில் அவந்திவர்மனின் ஆட்சியில் வெள்ளமும் பஞ்சமும் மாறி மாறி வந்தபோது, தெருவில் கிடந்த மூடிய பானைக்குள் சுய்யா என்ற சண்டாளப் பெண்ணால் கண்டெடுக்கப்பட்டு அவள் பெயராலேயே அழைக்கப்பட்ட ஒருவன், என்னால் இதைச் சரிசெய்ய முடியும் என்று சொல்லித் திரிந்தான். பைத்தியக்காரன் என்றார்கள். அரசன் கருவூலத்திலிருந்து காசு கொடுத்தான். சுய்யன் அந்தக் காசுகளைக் கீழ்நிலத்தில் ஆற்றை அடைத்துக்கொண்டிருந்த பாறைகளுக்கிடையே வாரி இறைத்தான். பசித்த மக்கள் காசைத் தேடிப் பாறைகளைப் புரட்டி எடுத்தார்கள். ஆறு திறந்தது. பின்பு அவன் ஆற்றைக் குறுக்கே அணையிட்டு நிறுத்தி, அடியைத் தூர் வாரி, கரைகளை உயர்த்தி, சிந்து ஓடை வந்து கலக்கும் இடத்தையே மாற்றி அமைத்தான். நல்ல விளைச்சல் காலத்திலேயே ஒரு காரி 200 தீனாரம் விற்ற நெல் 36 தீனாரத்துக்கு இறங்கியது என்று கல்ஹணர் விலையோடு எழுதுகிறார். சுய்யபுரம் என்ற ஊர்தான் இன்றைய சோபோர்.

இந்தக் கதையில் நாம் வியக்க வேண்டியது சுய்யனின் தந்திரத்தை மட்டும் அல்ல. காவியம் எழுத வந்த ஒரு கவிஞன் நெல்லின் விலையையும் ஆற்றின் தூரையும் தன் காவியத்துக்குரிய பொருளாகக் கருதியதையும் சேர்த்துத்தான். அதே கல்ஹணர் 917இல் பார்த்தனின் ஆட்சிக் காலத்தில் வெள்ளம் நெற்பயிரை அழித்து, விதஸ்தாவின் நீர் தெரியாதபடி பிணங்கள் மூடிக் கிடந்ததை எழுதுகிறார். எழுதிவிட்டு, அந்த நாட்களில் சேமித்து வைத்திருந்த நெல்லை அதிக விலைக்கு விற்று அமைச்சர்கள் செல்வம் சேர்த்ததையும் எழுதுகிறார். இயற்கைப் பேரிடர் என்ற சொல்லுக்குப் பின்னால் அவர் ஒளியவில்லை. அரண்மனைக் குடும்பத்தில் பிறந்த 12ஆம் நூற்றாண்டுக் கவிஞரிடம் இருந்த இந்த நேர்மை, 21ஆம் நூற்றாண்டின் சுதந்திர எழுத்தாளரிடம் இல்லாமல் போனது எப்படி?

தமிழுக்கு நெருக்கமான ஒரு சாட்சியும் உண்டு. பில்ஹணனை நமக்கு நாடகமாகவும் 1948இல் வந்த திரைப்படமாகவும் தெரியும், காதலுக்காகச் சிரம் கொடுக்கத் துணிந்த கவிஞனாக. வரலாற்றில் அவர் 11ஆம் நூற்றாண்டில் காஷ்மீரை விட்டு வெளியேறி, மேலைச் சாளுக்கிய ஆறாம் விக்கிரமாதித்தனின் அவையை அடைந்து விக்கிரமாங்கதேவ சரிதம் பாடியவர். சோழரோடு நடந்த போர்களும் அந்நூலில் இடம்பெறுகின்றன. அதன் கடைசிச் சருக்கத்தில் பிறந்த நாட்டை நினைக்கும் பில்ஹணர் பாடுவது, விதஸ்தாவின் கரையில் அமைந்த பிரவரபுரத்தை. நகரம் அவருக்கு நினைவில் நின்றது ஆற்றோடு சேர்ந்துதான்.

*

இந்த ஆறு பின்னாளில் வெறும் நீர்நிலையாக இல்லாமல் நகரத்தின் முதன்மைத் தெருவாக இருந்தது. அமீரா கதல், ஹப்பா கதல், ஃபதே கதல், ஜைனா கதல், ஆலி கதல், நவா கதல், சஃபா கதல் என்று ஏழு பாலங்கள். கதல் என்றால் பாலம். பகுதிகளின் பெயர்களே பாலங்களின் பெயர்கள்தாம். ஒருவர் எந்தக் கதலைச் சேர்ந்தவர் என்று கேட்டால் போதும், அவருடைய தொழிலையும் குடும்பத்தையும் பாதி அறிந்துவிடலாம் என்ற நிலை இருந்தது. ஜைனா கதலைக் கட்டியவர் 15ஆம் நூற்றாண்டின் சுல்தான் ஜைனுல் ஆபிதீன். மக்கள் அவரைப் பத்ஷா, பெரிய அரசர், என்று இன்றும் சொல்கிறார்கள். தேவதாரு மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, இடையில் கல் நிரப்பி எழுப்பிய தூண்கள்மீது நின்றன அந்தப் பாலங்கள். வெள்ளம் வந்தால் இடைவெளிகளின் ஊடே கொஞ்சம் நீர் புகுந்து செல்லும்.

கான்காஹ் இ மௌலா ஆற்றங்கரையில் நிற்கிறது. நூர்ஜஹான் கட்டுவித்த கற்பள்ளிவாசல் அதற்கு எதிர்க்கரையில் நிற்கிறது. பண்டிதர்களின் கோயில்கள் படித்துறைகளின் தலைமாட்டில் நின்றன. படித்துறைக்குக் காஷ்மீரியில் யாரபல் என்று பெயர். நண்பர்கள் கூடும் இடம் என்று பொருள் சொல்வார்கள். நீர் எடுக்கவும் துணி துவைக்கவும் வந்த பெண்களின் பேச்சு மன்றம் அது. ஆற்றுக்குப் பிறந்த நாள் கொண்டாடி விளக்கேற்றும் வியத் த்ருவாஹ் என்னும் திருநாளும் பண்டிதர்களிடையே இருந்தது. வீடுகளின் முகப்பு ஆற்றைப் பார்த்திருந்தது. அரிசியும் விறகும் படகில்தான் வந்தன. தாலிலிருந்து நகரின் நடுவே ஓடி மறுபக்கத்து ஏரிகளோடு இணைந்த நல்லா மார் கால்வாய், ஆற்றுக்கு இணையான இன்னொரு தெரு.

அந்த நகரம் எப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டது? ஒரே நாளில் அல்ல. முகலாயர்கள் நகரத்துக்கு வெளியே, தால் ஏரியின் கரையில், ஷாலிமாரையும் நிஷாத்தையும் அமைத்தார்கள். கோடைக்கு வந்து போகிறவர்களின் காஷ்மீர் அங்கே தொடங்கியது. 1846இல் அமிர்தசரஸ் உடன்படிக்கையின்படி 75 லட்சம் நானக்ஷாஹி ரூபாய்க்கு இந்த நாட்டை மக்களோடு சேர்த்து குலாப் சிங்கிடம் ஆங்கிலேயர்கள் விற்றார்கள். டோக்ரா ஆட்சியில் வெளியாருக்கு நிலம் வாங்க உரிமை இல்லாததால் விடுமுறைக்கு வந்த ஆங்கிலேயர்கள் நீரில் வீடு கட்டினார்கள். படகு வீட்டின் கதை இதுதான். நிலம் கிடைக்காத விருந்தாளியின் ஏற்பாட்டை நாம் இன்று காஷ்மீரின் ஆன்மா என்று எழுதிக்கொண்டிருக்கிறோம். அதன்பிறகு திரைப்படம் வந்தது. காஷ்மீர் என்றால் ஷிகாராவும் பாட்டும் என்று இந்தித் திரை கற்பித்தது. 1992இல் வந்த ரோஜாவோ காஷ்மீருக்குப் போகாமலே காஷ்மீரைக் காட்டியது. தமிழ்நாட்டில் ஒரு தலைமுறையின் மனத்தில் பதிந்த காஷ்மீர் பெரிதும் மணாலியின் பனி.

சுற்றுலாவின் பார்வை எங்கே விழுகிறதோ அங்கேதான் அரசின் பணமும் போகும். ஏரிக்கரைச் சாலைக்கு விளக்குகள் வந்தன. ஆறு நகரத்தின் புழக்கடை ஆயிற்று. சாலைகள் வந்ததும் வீடுகள் வாசலை மாற்றி வைத்தன. குழாய் வந்ததும் யாரபல்கள் வெறிச்சோடின. சாக்கடைகள் ஆற்றில் விடப்பட்டன. 1970களில் நல்லா மார் கால்வாயைத் தூர்த்து அதன்மீது சாலை போட்டார்கள். நகரத்தின் நுரையீரலில் ஒன்றை அடைத்துவிட்டுப் போக்குவரத்து சீரடைந்தது என்று சொன்னார்கள்.

*

இனி 2014. செப்டம்பர் முதல் வாரத்தில் பள்ளத்தாக்கின் தென்பகுதியில் இடைவிடாமல் மழை பெய்தது. லித்தர், விஷவ், ரம்பியாரா ஓடைகள் பெருகி ஜீலத்தில் விழுந்தன. ஸ்ரீநகருக்குள் ஆறு தாங்கக்கூடிய அளவைப் போலப் பல மடங்கு நீர் இறங்கி வந்தது. செப்டம்பர் 6ஆம் தேதி இரவிலும் 7ஆம் தேதியிலும் கரைகள் உடைந்தன. ராஜ்பாக், ஜவஹர் நகர், பெமினா என்று வரிசையாக மூழ்கின. தலைமைச் செயலகம், உயர் நீதிமன்றம், பெரிய மருத்துவமனைகள், லால் மண்டியிலிருந்த அருங்காட்சியகம் என எல்லாவற்றுள்ளும் நீர் புகுந்தது. அரசாங்கம் என்ற ஒன்று சில நாட்களுக்குக் காணாமல் போயிற்று. மாநிலம் முழுவதும் ஏறத்தாழ 300 பேர் இறந்தார்கள். சில பகுதிகளில் நீர் வடியப் பல வாரங்கள் ஆயின.

எந்தப் பகுதிகள் மூழ்கின என்பதைக் கவனியுங்கள். பெரும்பாலும் புதிய பகுதிகள், வசதியானவர்கள் விரும்பி வாங்கிய பகுதிகள். இடக்கரையின் தாழ்நிலங்கள், பழைய நம்பல்கள். நெரிசல் மிகுந்தது, அழுக்கானது, கல்லெறிபவர்களின் கோட்டை என்றெல்லாம் இகழப்பட்ட பழைய நகரத்தின் பெரும்பகுதி நீருக்கு வெளியே நின்றது. அங்கிருந்துதான் இளைஞர்கள் படகுகளையும் தெப்பங்களையும் எடுத்துக்கொண்டு புதிய நகரத்தின் மாடிகளில் சிக்கியவர்களை மீட்கப் போனார்கள். பிரவரசேனனின் நகரம் வலக்கரையின் உயர்ந்த பகுதியோடு நின்றது என்ற கல்ஹணரின் குறிப்பை வாசித்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. வேதாளம் சரியான இடத்தைத்தான் காட்டியிருக்கிறது.

தாழ்நிலங்களை வீட்டு மனைகளாக்கியது யார்? மழை அல்ல. 1903ஆம் ஆண்டு வெள்ளத்தையொட்டிய காலத்தில், நகரைச் சுற்றி உபரி நீரைக் கொண்டுபோக ஒரு வெள்ளக் கால்வாய் வெட்டினார்கள். அது பாதுஷாஹி பாகில் தொடங்கித் தாழ்நிலங்களின் வழியே செல்கிறது. அது தூர்ந்து, ஆக்கிரமிக்கப்பட்டு, தொடக்கத்தில் இருந்த கொள்ளளவில் சிறு பகுதியே மிஞ்சியிருந்தது. ஹோகர்சர் சதுப்பு வண்டலால் மேடிட்டது. பத்மாலூ நம்பல் பேருந்து நிலையமும் கடைவீதியும் ஆயிற்று. வூலர் ஏரி நூறாண்டுகளில் ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கியது. அதன் படுகையில் விறகுக்கென்று வில்லோ மரங்களை நட்டதில் அரசுக்கும் பங்குண்டு. நான்கு உறுப்புகள் கொண்ட பொறி என்று மேலே சொன்னோம். நான்கும் அடைக்கப்பட்டிருந்தன. அடைத்தவர்களுக்கு மனைப் பட்டாவும் மின் இணைப்பும் முறைப்படி வழங்கப்பட்டிருந்தன. பார்த்தனின் அமைச்சர்கள் செத்துப்போய்விடவில்லை.

*

நமக்கு வரக்கூடிய மறுப்புகளை எதிர்கொள்ளாமல் போவது முறையன்று.

முதல் மறுப்பு: வெள்ளம் எப்போதும் வந்ததுதானே? வந்ததுதான். 1893 ஜூலையில் வந்த வெள்ளம் ஸ்ரீநகரின் ஏழு பாலங்களில் ஆறை அடித்துச் சென்றது. அந்நாளில் அங்கே நிலவரித் திட்ட அதிகாரியாக இருந்த வால்டர் லாரன்ஸ் 1895இல் வெளிவந்த தன் நூலில் நகரத்தின் அழுக்கையும் நோயையும்கூட ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். பழங்காலம் பொற்காலம் என்று நாம் எங்கும் சொல்லவில்லை. சுய்யனுக்குப் பிறகு நூறாண்டு முடிவதற்குள் 917இன் பிணங்கள் மிதந்தன என்பதை நாமே மேலே எழுதினோம். நாம் சொல்வது இவ்வளவுதான்: முன்னோர் வெள்ளத்தை நிறுத்தவில்லை, ஆனால் நீர் எங்கே போகும் என்று அறிந்திருந்தார்கள். அந்த அறிவு கதையிலும் ஊர்ப் பெயரிலும் திருநாளிலும் சேமித்து வைக்கப்பட்டிருந்தது. நம்பல் என்று பெயர் வைத்த இடத்தில் வீடு கட்டுவதற்கு, முதலில் அந்தச் சொல் செத்திருக்க வேண்டும்.

இரண்டாம் மறுப்பு கூர்மையானது. ரத்தம் சிந்தும் நகரத்தில் நீங்கள் சாக்கடையைப் பற்றிப் பேசுகிறீர்களா? ஆம், பேசுகிறோம். ஏனென்றால் ரத்தமும் அதே வரைபடத்தில்தான் சிந்தியது. 1990 ஜனவரி 21இல் ஊர்வலத்தின்மீது துணைப்படையினர் சுட்டுப் பலர் இறந்த இடத்தின் பெயர் காவ் கதல். அதுவும் ஒரு பாலம். அந்த ஆண்டிலேயே அச்சத்தில் பண்டிதர்கள் வெளியேறியதில் பெருமளவு வெறுமையானது ஹப்பா கதலின் ஆற்றங்கரை. படித்துறையின் தலைமாட்டில் நின்ற கோயில்கள் பூட்டப்பட்டன. இந்த இரு துயரங்களையும் ஒன்றுக்கு எதிராக ஒன்றை நிறுத்தி வாதிடுபவர்கள், இரண்டும் ஒரே ஆற்றின் இரு கரைகளில் நேர்ந்தவை என்பதைக் காண்பதில்லை. சொர்க்கம் என்பவர்களும் நரகம் என்பவர்களும் ஒரே தவறைச் செய்கிறார்கள். சொர்க்கத்துக்கும் சரி, நரகத்துக்கும் சரி, நகராட்சி கிடையாது, வடிகால் கிடையாது, அங்கே ஒரு மனிதன் காலையில் வேலைக்குப் போக ஆற்றைக் கடக்க வேண்டியதில்லை.

அரசியலின் பெரும் சொற்களுக்குள் ஆறு நுழையாமலும் இல்லை. 1960இன் சிந்து நதி நீர் உடன்படிக்கை ஜீலத்தின் நீரைப் பெரும்பாலும் பாகிஸ்தானுக்கு ஒதுக்கியது. 2025 ஏப்ரலில் பஹல்காம் படுகொலைக்குப் பிறகு இந்தியா அந்த உடன்படிக்கையை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. ஜீலத்தின் பெயர் தொலைக்காட்சிகளில் இரவெல்லாம் முழங்கியது. அதே ஆண்டு செப்டம்பர் தொடக்கத்தில் அதே ஜீலம் அபாயக் குறியைத் தாண்டி உயர்ந்தபோது ஸ்ரீநகரின் தாழ்ந்த பகுதிகளில் மக்கள் 2014ஐ நினைத்து மூட்டை கட்டினார்கள். அப்போது அந்த முழக்கம் இல்லை. ஆறு ஆயுதமாகும்போது செய்தி. அண்டை வீட்டுக்காரனாக அது கதவைத் தட்டும்போது வானிலைக் குறிப்பு.

மூன்றாம் மறுப்பு நம் எழுத்தாள நண்பர்களிடமிருந்து வரும். இலக்கியம் பொதுப்பணித் துறை அறிக்கை அல்ல என்பார்கள். உண்மை. ஆனால் இலக்கியம் பார்வையைக் கற்றுத் தருவது என்று மேடைகளில் சொல்வதும் நாம்தான். எதைப் பார்க்க வேண்டும் என்று ஒரு தலைமுறைக்குக் கற்றுத் தந்தோமோ அதற்கு நாம்தான் பொறுப்பு. 2017இல் பொலிவுறு நகரத் திட்டத்தில் ஸ்ரீநகர் சேர்க்கப்பட்டது. அதன் பயனாக ராஜ்பாகில் ஆற்றங்கரையை அழகுபடுத்தி நடைபாதையும் இருக்கைகளும் அமைத்திருக்கிறார்கள். 2014இல் மூழ்கிய அதே ராஜ்பாக். ஆற்றை அமர்ந்து பார்க்க இடம் வந்துவிட்டது, ஆறு பரவ இடம் வரவில்லை. பார்ப்பதற்கான பொருளாக மட்டும் நிலத்தை எழுதிப் பழகிய மொழியின் இயல்பான கடைசிப் பக்கம் இந்த இருக்கைதான்.

பள்ளிக்கரணைச் சதுப்பைச் சுருக்கிவிட்டு 2015 டிசம்பரில் படகில் ஏறிய சென்னைக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை. காஷ்மீர் தொலைவில் உள்ளது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் வழியில்லை.

*

ஆகவே நமது கோரிக்கை எளியது. அடுத்த முறை ஸ்ரீநகருக்குச் செல்லும் தமிழ் எழுத்தாளர் ஏரிக்கரையில் ஒரு பொழுது குறைத்துக்கொண்டு, அமீரா கதலிலிருந்து சஃபா கதல் வரை ஆற்றோடு நடக்கட்டும். மரச்சட்டங்களுக்கிடையே செங்கல் வைத்து நிலநடுக்கத்துக்கு இசைந்தாடும்படி கட்டிய பழைய வீடுகளைப் பார்க்கட்டும். அவற்றில் எத்தனை ஆற்றுக்கு முதுகு காட்டி நிற்கின்றன என்று எண்ணட்டும். நல்லா மார் சாலையில் நின்று தன் காலடியில் ஒரு கால்வாய் கிடக்கிறது என்பதை அறியட்டும். பெமினாவில் வாடகைக்குக் குடியிருக்கும் ஓர் ஆசிரியரிடம் அவர் வீட்டுச் சுவரில் வெள்ளக் கறை எந்த உயரத்தில் இருந்தது என்று கேட்கட்டும். படகோட்டியின் முகத்துச் சோகத்தை விட்டுவிட்டு அவருடைய படகின் உரிமத்தைப் பற்றியும் ஏரியில் சேரும் கழிவைப் பற்றியும் கேட்கட்டும். அவர் நன்றாகவே பேசுவார்.

2024 ஏப்ரல் 16 காலையில் ஸ்ரீநகரின் புறத்தே கண்ட்பலில் ஜீலத்தைக் கடந்துகொண்டிருந்த ஒரு படகு கவிழ்ந்தது. பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த குழந்தைகள் உட்படப் பலர் இறந்தார்கள். அந்த இடத்தில் ஒரு நடைபாலம் பல ஆண்டுகளாகக் கட்டி முடிக்கப்படாமல் நின்றிருந்தது. 15ஆம் நூற்றாண்டில் மரக்கட்டைகளை அடுக்கிப் பாலம் கட்டிய நகரம் இது. அந்த வாரமும் தால் ஏரிக்கரையில் துலிப் மலர்களைப் பார்க்கக் கூட்டம் இருந்தது. அந்த மலர்களைப் பற்றித் தமிழில் கட்டுரைகள் இருக்கின்றன. கண்ட்பல் பாலத்தைப் பற்றி ஒன்றை நாங்கள் இன்னும் வாசிக்கவில்லை. எழுதுபவர் யாராயினும் அனுப்பட்டும், இதே பக்கத்தில் இடம் தருகிறோம். ஒரே நிபந்தனை: சொர்க்கம் என்ற சொல் அதில் வரக்கூடாது.